தலைப்பிலேயே சேதி தெரியட்டும்

ஜி.எஸ்.டி. ரோடு ஐ.டி. – 9

கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டில் கிளை பிரிப்பதையும் சேர்ப்பதையும் போன வாரம் பார்த்தோம். ஒருவர் கோடை சர்வருக்கு புஷ் செய்ததும் டீம் முழுக்கத் தானாகப் பறக்கிறதே, அந்த கமிட் மெயில்தான் இந்த வாரச் சமாச்சாரம்.

காலையில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி மெப்ஸ் பக்கம் நடக்கிற ஐ.டி.க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அதையெல்லாம் யார் சார் படிக்கிறது? ஃபில்டர் போட்டுத் தனி ஃபோல்டர்ல தள்ளிட்டேன்" என்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும் என்கிற மெயில் நாளைக்கு ஐம்பது வந்தால் யார்தான் திறப்பார்கள்?

புஷ் முடிந்ததும் சர்வரில் உள்ள கிட், 'போஸ்ட்-ரிசீவ்' என்ற குட்டி நிரலை ஓட்டும். அதன் கைக்கு வருவது மூன்றே விவரங்கள்: கிளை முன்பு எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது, கிளையின் பெயர் என்ன. இதை வைத்து மெயில் தயாரிப்பது நம் பொறுப்பு. கிட்டோடு ஆரம்பத்தில் வந்த மெயில் ஸ்கிரிப்ட், ஒரு புஷ்ஷில் பத்து கமிட் (பதிவு செய்த மாற்றம்) இருந்தாலும் அத்தனையையும் ஒரே மெயிலில் கொட்டியது. தலைப்பில் இருந்ததோ 'மாஸ்டர் கிளை புதுப்பிக்கப்பட்டது' என்கிற தோரணையில் ஒரு வரி. தாம்பரம் ஸ்டேஷனில் 'ஒரு வண்டி வருகிறது' என்று மட்டும் மைக்கில் சொன்னால் எப்படி இருக்கும்? எந்த ஊர் வண்டி, எந்த பிளாட்பாரம் என்று தெரிந்தால்தானே எழுந்து ஓடுவதா, உட்கார்ந்திருப்பதா என்று முடிவு செய்ய முடியும்?

இதைச் சரிசெய்தது மைக்கேல் ஹாகர்ட்டி பைத்தானில் எழுதிய 'கிட்-மல்டிமெயில்'. 2013இல் இது கிட் தொகுப்பிலேயே இடம்பிடித்தது. முதலில் ஒரு சுருக்க மெயில். அதற்குப் பதில் போட்ட மாதிரி, கமிட்டுக்கு ஒன்றாக அடுத்தடுத்த மெயில்கள். இன்பாக்ஸில் எல்லாம் ஒரே இழையாக அடங்கிவிடும். தலைப்பில் '01/03' என்ற வரிசை எண்ணும், கமிட் செய்தியின் முதல் வரியும் இருக்கும். ரிப்ளை அழுத்தினால் கோடை எழுதியவருக்கே போகும். மெயில் இத்தனை வரிக்கு மேல் நீளக் கூடாது என்று கட்டுப்படுத்தலாம். ஒரே புஷ்ஷில் 500 கமிட்டுக்கு மேல் வந்தால், சுருக்க மெயிலோடு நிறுத்திக்கொள்ளும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. மெயிலில் வரும் மாற்றப் பட்டியலில், 'த' என்ற ஒற்றை எழுத்தை கிட் '\340\256\244' என்று காட்டும். எந்தக் கோப்பு மாறியது என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சர்வரில் 'கோர்.க்வோட்பாத்' (core.quotePath) என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் போதும், தமிழ் தமிழாகவே வரும்.

பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிற ஆபீஸில் இந்த மெயிலெல்லாம் பெரிதாகப் படாது. ஓப்பன் சோர்ஸில் கதையே வேறு. அந்த உலகில் சேர்ந்து வேலை செய்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். நேற்று என்ன மாறியது என்று அவர்களுக்குச் சொல்வது இந்த மெயில்தான்.

ஆனால் எந்த ஸ்கிரிப்ட்டாலும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. மெயிலின் தலைப்பில் போய் உட்காருவது நீங்கள் எழுதிய முதல் வரி. 'பக் ஃபிக்ஸ்' என்று எழுதினால், மெயிலும் 'பக் ஃபிக்ஸ்' என்றுதான் வரும். 'ரசீதில் ஜி.எஸ்.டி. இருமுறை கூடியதைத் திருத்தியது' என்று எழுதுங்கள். பில்லிங் பகுதியைப் பார்ப்பவர் உடனே திறப்பார், மற்றவர்கள் நிம்மதியாகத் தாண்டிப் போவார்கள். முதல் வரி 50 எழுத்துக்குள் இருக்கட்டும், அடுத்து ஒரு வரி காலியாக விட்டு விளக்கம் எழுதுங்கள் என்று கிட்டின் கையேடே சொல்கிறது.

உங்கள் டீமின் கடைசிப் பத்து கமிட் மெயில்களின் தலைப்பை மட்டும் படித்துப் பாருங்கள். திறக்காமலேயே விஷயம் புரிந்தால் டீம் உருப்படியாக இருக்கிறது. புரியாவிட்டால், ஸ்கிரிப்டை மாற்றுவதற்கு முன் கமிட் எழுதும் பழக்கத்தை மாற்றுங்கள்.

(அடுத்த வாரம்: தப்பான கோடை வாசலிலேயே மறிக்கும் கோட் ரிவ்யூ)