சிங்கப்பூர் அரசின் கலைப்புரத்தலும் தமிழ்ப் படைப்பும்

புலவரைப் புரத்தல் புரவலர் கடன் என்பது தமிழ்நூல் பயின்றார் யாவரும் அறிந்த செய்தி. அக்கடனை இக்காலத்துச் சிறு தீவு நாடொன்றின் அரசு எவ்வாறு மேற்கொண்டுள்ளது என்பதும், அதனால் ஆங்குள்ள தமிழ் எழுத்தாளர்க்கு நேரும் நிலை யாது என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன. யாம் எடுத்துக்கொண்ட நாடு சிங்கப்பூர். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆங்கு ஆட்சிமொழியாக விளங்குகின்றது.

கலைஞரைச் சிறப்பிக்கும் கலாசாரப் பதக்கத்தை அந்நாட்டரசு 1979இல் ஏற்படுத்தியது. ஓங் டெங் சியோங் தலைமையில் அமைந்த குழு 1989இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1991இல் தேசியக் கலைகள் மன்றம் தோன்றியது. 2002இல் எஸ்பிளனேட் அரங்கு திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே 'படைப்புத் தொழில்கள்' என்னும் புதுப்பெயரும் அரசின் திட்டங்களில் இடம்பெற்றது. நாட்டின் மொத்த உற்பத்தியில் இத்தொழில்களின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. அதனை 2012க்குள் 6 விழுக்காடாக உயர்த்துதல் வேண்டும் என்று குறிக்கோள் வகுக்கப்பட்டது. விளம்பரம், வடிவமைப்பு, ஒளிபரப்பு முதலியவற்றுக்கு இவ்வளவுகோல் பொருந்தலாம். ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுதியை இதனால் அளத்தல் எங்ஙனம்?

2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, வீட்டில் தமிழையே மிகுதியும் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், அஃதாவது ஏறத்தாழ ஓர் இலக்கம் மக்கள். அவருள் நூல் வாங்கிப் படிப்போர் எத்துணையர் என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அரசின் பரிசில்கள் நான்கு மொழிக்கும் ஒப்ப வழங்கப்படுகின்றன. 1993இல் தொடங்கிய தங்கமுனை விருதும், சிங்கப்பூர் இலக்கியப் பரிசும் இதற்குச் சான்றாம். மா. இளங்கண்ணன் 2005இலும், பி. கிருஷ்ணன் 2008இலும், க. து. மு. இக்பால் 2014இலும் கலாசாரப் பதக்கம் பெற்றனர். தலையெண்ணிக்கை நோக்காத இந்நடுவுநிலைமை பாராட்டத்தக்கதே.

எனினும், ஒத்த அளவினதாகிய நல்கை ஒத்த ஆற்றலுடையதாகுமா? 2015இல் நிகழ்ந்த ஒன்றை நோக்குவோம். சோனி லியூ என்பார் ஆங்கிலத்தில் வரைந்த சித்திரக்கதை நூல், கற்பனை ஓவியன் ஒருவனின் வாழ்வை முன்னிறுத்திச் சிங்கப்பூர் வரலாற்றைக் கூறுவது. அதற்கு அளிக்க இசைந்த 8,000 வெள்ளி நல்கையைக் கலைகள் மன்றம், நூற்பொருள் அரசின் மாட்சிமையைக் குறைக்கக்கூடும் எனக் கருதித் திரும்பப் பெற்றது. நூலோ விரைந்து விற்றது. 2016இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசையும், 2017இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகள் மூன்றையும் பெற்றது. ஆங்கில நூலாதலின் உலகச் சந்தை அதனைத் தாங்கிற்று. நல்கை இழந்த தமிழ் நூலொன்றுக்கு அத்தகைய சந்தை யாண்டுளது? ஆங்கில எழுத்தாளர்க்குத் துணையாகும் நல்கை, தமிழ் எழுத்தாளர்க்கு அச்சேறும் வழியாகவே அமைந்துவிடுகின்றது. நல்கை மறுக்கப்படுமோ என்னும் ஐயம் அவர்தம் எழுதுகோலை முன்கூட்டியே தடுத்தலும் கூடும். அங்ஙனம் எழுதாதொழிந்தவை எந்தக் கணக்கிலும் ஏறா.

பெருஞ்சித்திரனார் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. இளவெளிமான் தகுதி நோக்காது சிறிது கொடுப்ப, அதனைக் கொள்ளாது சென்ற புலவர், குமணன்பால் யானையைப் பரிசிலாகப் பெற்று வந்து இளவெளிமானின் காவன் மரத்தில் அதனைக் கட்டினார். அப்பெருமிதத்துக்கு அவர்தம் உள்ளத்திண்மை ஒன்றே காரணமன்று. செல்லுதற்கு வேறொரு புரவலன் இருந்தமையும் காரணமாம். நகரமே நாடாக அமைந்தவிடத்துப் பெரும்புரவலர் பெரும்பாலும் ஒருவரே.

அத்தகைய இரண்டாவது புரவலரை வாசகரிடையே காணலாமோ எனின், அதற்கும் ஓர் அறிகுறி உண்டு. சிங்கப்பூர் விடுதலை பெற்ற பொன்விழா ஆண்டாகிய 2015இல், ஐம்பதாண்டுக்காலத் தமிழிலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்வடிவாக்கப்பட்டன. தேசிய நூலக வாரியம் துணைநின்றது. எனினும் பணியை முன்னின்று நடத்தியவர் தமிழ்ச் சமூகத்துத் தொண்டர். அத்தொகுப்பு நாட்டிற்குத் தமிழர் அளித்த கொடையாக வழங்கப்பெற்றது. நல்கை பெற்ற நூலும் பெறாத நூலும் ஆங்கு ஒருங்கே படிக்கக் கிடைக்கின்றன.