ஒப்பந்தக்காரர் வழியே வரும் அபாயம்

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலேசிய ஏர்லைன்ஸ் நிறுவனம், 'என்ரிச்' எனப்படும் தன் பயணச் சலுகைத் திட்டத்தின் அங்கத்தினர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. அவர்களுடைய பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம் முதலியன 2010 மார்ச்சுக்கும் 2019 ஜூனுக்கும் இடையே அந்நியர் கைக்கு எட்டியிருக்கக்கூடும் என்றும், ஆயினும் அந்த விபரீதம் நேர்ந்தது தன் சொந்தக் கணினிகளில் அல்ல, தனக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை வழங்கிய வேறொரு நிறுவனத்திடமே என்றும் அதில் கண்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம்! வாலில் 'வாவ்' என்னும் காற்றாடியைத் தீட்டிய விமானத்தை நம்பி ஏறிய பிரயாணிக்கு அந்த வேறொரு நிறுவனத்தின் பெயர்கூடத் தெரிய நியாயமில்லை.

அதே ஆண்டில், பல விமான நிறுவனங்களுக்குப் பொதுவாகச் சேவை செய்யும் 'சீட்டா' என்ற ஸ்தாபனத்தில் நேர்ந்த களவினால், ஏர் இந்தியாவின் பிரயாணிகள் சுமார் 45 லட்சம் பேருடைய விவரங்கள் வெளிப்பட்டன. பலர் ஒரே சேவையாளரை நம்பியிருக்கும்போது, ஒரே இடத்தில் விழும் அடி அத்தனை பேர்மீதும் விழுகிறது. தன் கம்பெனியை மட்டும் தனியே வைத்துக் கணக்கிடும் நிர்வாகிக்கு இது புலப்படுவதேயில்லை.

அபாயத்தை அளக்கும் சூத்திரம் என்னவோ எளியதுதான். பத்து ஆண்டுக்கு ஒரு முறை நேரக்கூடிய களவினால் 5 லட்சம் ரிங்கிட் நஷ்டம் வருமென்று வைத்துக்கொண்டால், ஆண்டொன்றுக்கு 50,000 ரிங்கிட் அபாயம். அதைப் பாதியாகக் குறைக்கும் பாதுகாப்புக்கு ஆண்டுக்கு 20,000 செலவிட்டால் வீண் செலவன்று. சிரமமெல்லாம் அந்த "பத்து ஆண்டுக்கு ஒரு முறை" என்பதை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் இருக்கிறது. அதை அறியப் பெட்டாலிங் ஜெயாவின் கூட்டரசு நெடுஞ்சாலையோரத்து அலுவலகங்கள் பலவற்றிலும், சம்பளக் கணக்குப் பார்ப்பவர், சிசிடிவி பொருத்துபவர், மென்பொருள் விற்பவர் ஆகியோரிடம் பாதுகாப்பு பற்றிய நீண்டதொரு கேள்வித்தாளைக் கொடுத்து, "ஆம், ஆம்" என்று அவர்கள் நிரப்பித் தருவதைக் கோப்பில் சேர்ப்பதே பரீட்சை எனக் கருதப்படுகிறது. மாணவனே விடைத்தாளைத் திருத்திக்கொள்ளும் பரீட்சை அது. வெளியிலிருந்தே சேவையாளரின் இணைய வாயில்களைச் சோதித்து மதிப்பெண் இடும் கம்பெனிகளும் உள்ளன. அவை வீட்டின் வாசலைப் பார்க்குமேயன்றி உள்ளறையைப் பார்க்க வல்லவை அல்ல.

சேவையாளரைப் பில் தொகையைக் கொண்டு தரம் பிரிப்பது பெரும் பிழை. 2013-இல் அமெரிக்காவின் 'டார்கெட்' கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் களவாடப்பட்டபோது, திருடர்கள் நுழைய உதவியது குளிர்சாதன வேலை செய்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல். சேவையாளரின் அனுமதி கணினிக்குள் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதே அளக்கத்தக்கது.

மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 26-இல் அமலுக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், வங்கி, போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் முக்கிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் அபாயத்தை மதிப்பிடவும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் தணிக்கை செய்யவும் விதிக்கிறது. திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 2025 ஏப்ரல் முதல், பிறருக்காகத் தரவைக் கையாளும் சேவையாளரையும் நேராகப் பொறுப்பாளியாக்கியிருக்கிறது.

இணையப் பாதுகாப்புச் சட்டம் எட்டாத சிறு வியாபாரிகளும் ஒன்று செய்யலாம்: ஒப்பந்தம் முடிந்துபோன எத்தனை பேரிடம் உங்கள் கணினியின் கடவுச்சொல் இன்னும் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள், விடை கிடைக்கும்வரை புதிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.