மாடல் ஜெட்டுக்கு எந்த இன்ஜின்?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டபோது எங்க வகுப்பில் பாதிப்பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் ஒரு கணக்கைக் கொடுக்கிறேன். வானத்தில் பறக்கும் கணக்கு என்பதால் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாடல் விமானம் என்றதும் பொம்மை என்று நினைக்க வேண்டாம். நான் சொல்லப் போவது இரண்டு மூன்று மீட்டர் நீளம், இருபது கிலோ எடை உள்ள விமானம். தரையில் நின்றபடி ரேடியோவால் ஓட்டுவார்கள். அதற்குள்ளே உண்மையான கேஸ் டர்பைன் இன்ஜின் மண்ணெண்ணெயில் ஓடும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் போகும். ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்கென்று கிளப்புகளும் போட்டிகளும் உள்ளன.

டர்போ தெரிந்தால் டர்பைன் தெரியும்

எங்க அப்பா சங்ககிரியில் ஒரு லாரி பட்டறையில் வேலை செய்கிறார். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவர். எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டர்போ சார்ஜர் என்றால் என்ன என்று எனக்கு முதலில் சொன்னது பாடப் புத்தகம் இல்லை, அவர்தான். “வெளிய போற புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும்டா. அதே ராடுல இந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது காத்தை இழுத்து இன்ஜினுக்குள்ள அழுத்தும்” என்றார். இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அந்த டர்போவையும் இன்ஜினையும் பிரித்து விடுங்கள். இன்ஜின் பிளாக் இருந்த இடத்தில் ஓட்டைகள் போட்ட ஒரு தகர அடுப்பை வையுங்கள். காற்றை இழுக்கும் சக்கரம் கம்ப்ரசர். அழுத்தப்பட்ட காற்று அடுப்புக்குள் போய், எரிபொருளோடு சேர்ந்து எரிந்து விரிகிறது. விரிந்த சூடான வாயு டர்பைன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பின்னால் குழாய் வழியே பாய்கிறது. டர்பைன் சுற்றுவதால் கம்ப்ரசரும் சுற்றுகிறது. பின்னால் பாயும் வாயு விமானத்தை முன்னால் தள்ளுகிறது. தெர்மல் பாடத்தில் பிரேட்டன் சுழற்சி என்று படம் போட்டு மார்க் வாங்கினோமே, அது இதுதான்.

பிளைவுட்டில் ஒரு ஜெட் இன்ஜின்

இந்தச் சின்ன இன்ஜின்கள் பெரிய விமானக் கம்பெனிகளில் பிறக்கவில்லை. 1983-இல் இங்கிலாந்தில் ஜெர்ரி ஜாக்மன் என்பவரும் அவர் நண்பர்களும் கேஸ் டர்பைன் பொருத்திய மாடல் விமானத்தை முதன்முதலில் பறக்க விட்டார்கள். பிறகு ஜெர்மனியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் வீட்டுப் பட்டறையிலேயே செய்யக்கூடிய இன்ஜின் ஒன்றை உருவாக்கினார். அவருடைய கம்ப்ரசர் சக்கரம் எதனால் ஆனது தெரியுமா? பிளைவுட்! அதன் மேல் கார்பன் இழையைச் சுற்றி வலுவாக்கியிருந்தார். டர்பைன் சக்கரத்தை வெப்பம் தாங்கும் எஃகுத் தகட்டில் வெட்டி எடுத்தார். அந்த இன்ஜினின் உந்துவிசை இரண்டு மூன்று கிலோதான். ஆனாலும் “சாதாரண ஆளாலும் முடியும்” என்று உலகத்துக்குக் காட்டியது அதுவே.

அடுத்து தாமஸ் காம்ப்ஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய நூலும், கே.ஜே-66 என்ற இன்ஜினின் வரைபடங்களும் பரவின. 66 என்பது கம்ப்ரசர் சக்கரத்தின் விட்டம், மில்லிமீட்டரில். டர்போ சார்ஜர் சக்கரத்தையே அதில் போட்டார்கள். எங்க அப்பா பட்டறையில் மூலையில் கிடக்கும் சாமான்!

இன்று ஜெர்மனியில் ஜெட்கேட், தைவானில் கிங்டெக், நெதர்லாந்தில் ஏ.எம்.டி. எனப் பல நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யவ் ரோஸி முதுகில் இறக்கை கட்டி, அதில் நான்கு ஜெட்கேட் இன்ஜின்கள் பொருத்தி, 26.9.2008 அன்று ஆங்கிலக் கால்வாயைப் பறந்தே தாண்டினார். மாடலுக்குச் செய்த இன்ஜின் மனிதனையே தூக்கியது.

பெயரிலேயே விசை

பல ஜெட்கேட் இன்ஜின்களின் பெயரில் உள்ள எண் உந்துவிசையை ஏறக்குறைய நியூட்டனில் சொல்கிறது. 9.81 நியூட்டன் என்பது ஒரு கிலோ விசை. அதனால் எண்ணைப் பத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட எத்தனை கிலோ தள்ளும் என்று தெரிந்துவிடும். பி-100 சுமார் 10 கிலோ தள்ளும். அதன் சொந்த எடை சுமார் 1.1 கிலோ. பி-180 சுமார் 18 கிலோ தள்ளும், எடை 1.6 கிலோ. பி-300 சுமார் 30 கிலோ தள்ளும், எடை 2.7 கிலோ.

சுற்றும் வேகத்தையும் பாருங்கள். 66 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 1,15,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், அதன் ஓரம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே நொடிக்கு 340 மீட்டர்தான்!

எந்த இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது?

இனிமேல்தான் கட்டுரையின் உயிர்நாடி. நமது விமானப் படையின் சூர்யகிரண் குழு ஓட்டும் ஹாக் விமானம் எல்லோருக்கும் தெரியும். அதன் மாடல் ஒன்று எரிபொருளோடு 20 கிலோ எடை என்று வைப்போம். பி-180 போதுமா, பி-300 வேண்டுமா? “பெருசா இருந்தா நல்லதுதானே” என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் விசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம். 20 கிலோ என்பது 196 நியூட்டன் எடை. பி-180 போட்டால் விகிதம் 0.92. பி-300 போட்டால் 1.5. உண்மையான ஹாக் விமானத்தின் அதிகபட்ச எடை 9,100 கிலோ, இன்ஜின் தள்ளுவது சுமார் 2,700 கிலோ, விகிதம் 0.3தான். மாடலுக்குப் புல்தரையும் குட்டை ஓடுபாதையும் இருப்பதால் அதைவிடக் கூடுதலாக வேண்டும். இருந்தாலும் 0.9 தாராளமாகப் போதும்.

இரண்டாவது எடை. பி-300 போட்டால் 1.1 கிலோ கூடுதல். இன்ஜின் விமானத்தின் சமநிலைப் புள்ளிக்கு 60 செ.மீ. பின்னால் இருக்கிறது என்றால், மூக்கில் 120 செ.மீ. முன்னால் 0.55 கிலோ ஈயம் கட்ட வேண்டும். (முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்த திருப்புத்திறன்தான்.) ஆக மொத்தம் 1.65 கிலோ. பறப்பதற்கு உதவாத ஈயத்தையும் சேர்த்துச் சுமக்கிறோம்.

மூன்றாவது எரிபொருள். பி-180 முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். சராசரியாக அதில் பாதி என்றால் எட்டு நிமிடத்துக்கு 2.4 லிட்டர். இறங்கும்போது மிச்சம் இருக்க இன்னும் ஒன்றரை லிட்டர் சேர்த்தால், நாலு லிட்டர் டேங்க் போதும். பி-300 முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். டேங்கும் பெரிதாக வேண்டும், எடையும் மேலும் கூடும். எரிபொருளில் சுமார் 5 சதவீதம் டர்பைன் எண்ணெய் கலப்பார்கள். பேரிங்குக்கு அதுவே உயவு.

நான்காவதுதான் மிக முக்கியம், வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். விசை 180-லிருந்து 300 ஆனால், அதாவது 1.67 மடங்கு ஆனால், வேகம் அதன் வர்க்கமூலமான 1.29 மடங்குதான் ஆகும். 300 கி.மீ. வேகம் 387 ஆகிறது. ஆனால் இறக்கையின் மேல் விழும் காற்றுச் சுமை 67 சதவீதம் கூடிவிடும். ஹாக் மாடலின் இறக்கையும் வாலும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவையா? இல்லையென்றால் படபடவென்று அதிர்ந்து நடுவானில் பிய்ந்துவிடும். அமெரிக்காவின் மாடல் விமானச் சங்கம் டர்பைன் மாடல்களுக்கு மணிக்கு 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. என்று வரம்பு வைத்திருப்பதும், அவற்றை ஓட்டத் தனி அனுமதி கேட்பதும் இதனால்தான்.

ஆகவே இந்த விமானத்துக்கு பி-180 வகை இன்ஜினே சரி. பெரிய இன்ஜின் வாங்கக் காசு இருந்தாலும் சரியான இன்ஜினை வாங்கச் சொல்வது கணக்கு மட்டுமே.

வாங்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இன்ஜினை சர்வீஸுக்குக் கேட்கின்றன. எத்தனை மணி ஓடியது என்பதை இ.சி.யூ. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியே குறித்து வைக்கும். பழைய இன்ஜின் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான். பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஓட்டுவது எப்படி?

சுவிட்சைப் போட்டதும் சிறிய மின் மோட்டார் சக்கரத்தைச் சுற்றிவிடும். தீமூட்டி எரிபொருளைப் பற்ற வைக்கும். வெப்பநிலையையும் சுற்றையும் பார்த்துக்கொண்டே இ.சி.யூ. மெதுவாக வேகத்தைக் கூட்டும். முடித்து நிறுத்திய பிறகும் மோட்டார் காற்றை இழுத்துச் சூட்டைத் தணிக்கும். அதற்குள் பேட்டரியைக் கழற்றினால் பேரிங் போய்விடும்.

பறக்கும்போது பழகிக்கொள்ள வேண்டியது தாமதம். புரொப்பெல்லர் விமானத்தில் த்ராட்டிலைத் தள்ளினால் உடனே இழுக்கும். டர்பைன் ஐடிலிலிருந்து முழு வேகத்துக்கு வரச் சில நொடிகள் ஆகும். இறங்கும்போது “இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமே” என்று கடைசி நொடியில் நினைத்துப் பயனில்லை. அதனால் ஃபிளாப்பை இறக்கிக் காற்றின் எதிர்ப்பைக் கூட்டி, இன்ஜினை ஐடிலுக்கு மேலேயே வைத்துக்கொண்டு வருவார்கள். இன்னொரு எதிரி காற்றுக் குமிழி. குழாயில் ஒரு குமிழி வந்தாலும் தீ அணைந்துவிடலாம். அதற்காகவே பெரிய டேங்குக்கும் பம்புக்கும் நடுவே குமிழியைப் பிடிக்கும் சிறு டேங்க் ஒன்று வைக்கிறார்கள்.

விளையாட்டு வினையாகக் கூடாது

20 கிலோ விமானம் 300 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 69,000 ஜூல். இரண்டு பேரை ஏற்றிய பைக், மொத்தம் 250 கிலோ, 85 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதும் அதே ஆற்றல்தான். கூடவே டேங்கில் மண்ணெண்ணெய். பார்வையாளர் தலைக்கு மேல் ஓட்டாதே, தீயணைப்பான் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதே என்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம் இல்லை. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 25 கிலோ வரை எடையுள்ள மாடல் விமானத்தைக் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் ஓட்டுவதற்கு வகைச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்ற மண்டலக் கட்டுப்பாடுகள் அதற்கும் பொருந்தும்.

பழைய டர்போவை எடுத்து ஹாஸ்டல் பின்பக்கம் ஜெட் இன்ஜின் செய்து பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். சமன் செய்யாத சக்கரம் லட்சம் சுற்றில் வெடித்தால் அது துண்டு துண்டாகப் பறக்கும் இரும்பு.

நமக்கு என்ன லாபம்?

“இதெல்லாம் தெரிஞ்சா சோறு போடுமா?” என்று எங்க அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு பி-180 இன்ஜினின் விலை எங்க அப்பாவின் ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம். நான் அதை வாங்கப் போவதில்லை.

ஆனால் சக்கரத்தைச் சமன் செய்வது, செராமிக் பேரிங், வெப்பம் தாங்கும் உலோகத்தைக் கடைவது, சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய இவையெல்லாம் டர்போ சார்ஜர் தொழிற்சாலையில் தினசரி வேலை. நம் நாட்டின் லக்ஷ்யா ஆளில்லா விமானத்துக்கு எச்.ஏ.எல். நிறுவனம் செய்த பி.டி.ஏ.இ-7 இன்ஜினும் டர்போஜெட்தான். டிப்ளமோ படித்தவனுக்கு அந்த மாதிரி இடங்களில் கை வேலைக்கு மட்டும் இடம் என்று சிலர் சொல்கிறார்கள். காரணம் தெரிந்து வேலை செய்பவனுக்கும் தெரியாமல் செய்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்க அப்பாவைக் கேட்டால் சொல்வார். இருபத்தைந்து வருஷம் டர்போ கழற்றி மாட்டியவர், “இது ஏன் இந்தப் பக்கம் சாய்வா இருக்கு?” என்று கேட்க ஆள் கிடைக்காமலே இருந்திருக்கிறார். இப்போது நான் அவருக்குப் படம் போட்டுக் காட்டுகிறேன்.

இன்ஜின் வாங்கத்தான் காசு வேண்டும். அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும். நமது மாணவர் மன்றம் அடுத்த ஆண்டு ஒரு மாடல் விமானக் குழு தொடங்கினால், முதலில் தெர்மாகோல் கிளைடரில் ஆரம்பிக்கலாம். சமநிலைப் புள்ளியும் காற்றின் எதிர்ப்பும் அதற்கும் ஒன்றுதான். முதல் ஆளாகப் பெயர் கொடுக்க நான் தயார். வருபவர்கள் வாருங்கள்.