கம்ப்யூட்டர் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?

சகோதரிகளே, மாதக் கணக்கு ஏத்துற நேரத்தில் கம்ப்யூட்டரில் வட்டம் சுத்தினால் நமக்கும் தலை சுத்துது. விண்டோஸ் எக்ஸ்பி-யில் மணல் கடிகாரம் வந்தது. 2007-ல் விஸ்டா வந்தபிறகு நீல வட்டம். அர்த்தம் ஒன்றுதான்: வேலை நடக்குது, பொறுங்க.

பழைய கம்ப்யூட்டரில் இது ஏன் அதிகம்? ராம் என்பது அடுப்பு மேடை, ஹார்ட் டிஸ்க் பரண். மேடையில் இடம் இல்லாவிட்டால் ஒரு பாத்திரத்தைப் பரணில் ஏற்றித்தான் இன்னொன்றை இறக்கணும். ஏறி இறங்கவே நேரம் போயிடும். 2 ஜிபி ராமில் எக்செல், இன்டர்நெட், வைரஸ் சோதனை எல்லாம் ஒண்ணா ஓடினால் இதுதான் கதி. பெட்டியின் முன்னால் உள்ள சின்ன விளக்கு விடாமல் மினுக்கும், பாருங்க.

கோபத்தில் சுவிட்சை அணைக்காதீங்க. ஃபைலை எழுதும்போது கரண்ட் போனால் அது கெட்டுப்போகலாம். அப்புறம் அத்தனை பேர் சேமிப்பையும் கடன் தவணையையும் ரெஜிஸ்டரைப் பார்த்து மறுபடி ஏத்தணும். சும்மா சும்மா கிளிக் பண்ணுவதும் வேண்டாம், அதுவும் வரிசையில் சேரும். ஐந்து நிமிடம் பொறுத்தும் அசையலைன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. எந்த வேலை மெமரியைப் பிடிச்சிருக்குன்னு தெரியும். தேவையில்லாததை மூடலாம்.

புதுசு வாங்கத் தீர்மானம் போடும் முன், ராம் கூட்டினால், எஸ்எஸ்டி போட்டால் எவ்வளவு ஆகும்னு மெக்கானிக்கிடம் கேளுங்க.