குளிரில் உளறுகிறவர் குடிகாரரா?

கொரட்டூரில் பனிக்கட்டி பெய்வது இல்லை. மார்கழியிலும் தையிலும்கூட, சென்னையின் இரவுக் குளிர் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போவது இல்லை.

"இதுவும் ஒரு குளிரா?" என்று வடநாட்டார் சிரிப்பார்கள்.

போர்த்திப் படுத்தவருக்கு அது சுகமான குளிர்தான். ஆனால் மழையில் நனைந்து, வெறும் வயிற்றோடு, ரெயில் நிலையத்தின் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடக்கும் முதியவருக்கு?

அவருக்கு அது உயிரையே பறிக்கும் குளிராகிவிடலாம்!

ஈரத் துணி

நம் ஊரில் மழைக்காலம் முடிவதற்குள் குளிர்காலம் வந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மனித உடலின் சூடு சுமார் 37 டிகிரி. ஈரத் துணி அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று அடித்தால் இன்னும் வேகமாக இழுக்கும். உடலின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. வயதானவர்களும், பட்டினி கிடப்பவர்களும் இதைத் தாங்க மாட்டார்கள்.

ஏமாற்றும் அடையாளம்

முதலில் உடல் நடுங்கும். பிறகு நாக்கு குழறும். கால் தள்ளாடும். கேட்டதற்குப் பொருத்தம் இல்லாத பதில் வரும்.

பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? "குடிகாரன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

அவர் குடித்தே இருந்தாலும் என்ன? குடித்தவரைக் குளிர் இன்னும் சீக்கிரமாகத் தாக்கும். சாராயம் சூடு தருவதுபோலத் தோன்றும். உண்மையில் அது உள்சூட்டைத் தோல் வழியாக வெளியேற்றிவிடும்.

என்ன செய்யலாம்?

அருகில் போய், "ஐயா, குளிருகிறதா?" என்று கேளுங்கள். மழையும் காற்றும் படாத இடத்துக்கு மெதுவாக அழைத்துப் போங்கள். ஈரத் துணியை மாற்றி, உலர்ந்த துணி கொடுங்கள். தலையையும் போர்த்துங்கள்.

தரைக்குளிரை மறக்காதீர்கள். ஒரு சாக்கோ, நாலைந்து பழைய செய்தித்தாளோ விரித்தால் போதும்.

நல்ல நினைவோடு இருந்தால், இனிப்பான சூடான தேநீர் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. நினைவு மங்கினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

தலைக்கு மேல் கூரை

2009 டிசம்பரில், டில்லியில் ஒரு தற்காலிக இரவு விடுதி அகற்றப்பட்டது. அங்கே தங்கியிருந்த ஏழைகள் கடுங்குளிரில் தெருவுக்கு வந்தார்கள். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பெரிய நகரங்களில், ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு விடுதி வேண்டும் என்று 2010-ல் கோர்ட்டு உத்தரவிட்டது.

வீடற்றோருக்காகச் சென்னை மாநகராட்சியும் விடுதிகள் நடத்துகிறது. மாநகராட்சியின் தொலைபேசி எண் 1913. கொரட்டூரும் 2011 முதல் இந்த மாநகராட்சியில் அடக்கம். ஆதரவற்ற முதியவர் என்றால் 14567 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

வெள்ளம் சொன்ன பாடம்

2015 டிசம்பர் மழையில் கொரட்டூரிலும் வெள்ளம் புகுந்தது. அப்போது சென்னை எங்கும் கோவில், மசூதி, தேவாலயம், கல்யாண மண்டபம் என்று கதவுகள் திறந்தன. முன்பின் தெரியாதவர்கள் ஒரே பாயில் படுத்தார்கள். குடிகாரனா, நல்லவனா என்று யாரும் விசாரித்துக்கொண்டு இருக்கவில்லை.

அந்த மனம் வருவதற்கு ஊரே மூழ்க வேண்டுமா?

கடையெழு வள்ளல்களில் ஒருவன் பேகன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையையே கொடுத்தான். மயில் அதைப் போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்கிறது புறநானூறு.

மயிலிடம் எதையும் கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாம். கேட்பதற்குக் காசு ஒன்றும் செலவு இல்லை!