வலி ஊசி
(தொடர் – 9)

மடி வீங்கிய மாடு, காம்பில் கை வைத்தாலே உதைக்கும். தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கண்ணோரம் நீர் வழிந்து ரோமம் ஒட்டிப்போயிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. கால்நடை மருத்துவர் வந்து கழுத்துச் சதையில் ஓர் ஊசி போடுவார். மறுநாள் காலையில் மாடு தீனி எடுக்கும். 1990-களில் நாடு முழுக்க எத்தனையோ தொழுவங்களில் அந்த ஊசிக்குள் இருந்தது டைக்ளோஃபினாக்.

சென்ற வாரம் பார்த்த ஈய பெட்ரோல் தெரிந்தே விற்கப்பட்ட நஞ்சு. இது அப்படியல்ல. சுவிட்சர்லாந்தின் சிபா-கெய்கி நிறுவனத்தில், மூட்டுவலியில் துடிப்பவர்களுக்காக உருவான மருந்து. இன்றும் நம் வீட்டு மருந்து டப்பாவில் மாத்திரையாகவோ களிம்பாகவோ கிடக்கும். அதை மாட்டுக்குக் கொடுத்தவர்களும் இரக்கத்தில்தான் கொடுத்தார்கள். இந்த அத்தியாயத்தை எழுத எனக்குக் கஷ்டமாக இருப்பது அதனால்தான்.

அந்த ஊசி புழங்கிய அதே 1990-களில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் மரங்களை அண்ணாந்து பார்த்துத் திகைத்தார். 1980-களில் அவர் நூற்றுக்கணக்கான பாறு கழுகு ஜோடிகளை எண்ணிய இடம் அது. இப்போது அவற்றின் கூடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. மிஞ்சியவை கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிளையிலேயே உட்கார்ந்திருந்தன. பிறகு செத்து விழுந்தன. ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் நினைத்தார்கள்.

விடை பாகிஸ்தானில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. ஈரல்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் வேலை செய்திருந்தால் எச்சத்தோடு வெளியே போயிருக்கும். செய்யாததால் உடம்புக்குள்ளேயே உறைந்துவிட்டது. சந்தேகப்பட்ட கிருமி எதுவும் அகப்படவில்லை. கழுகு எதைத் தின்றது என்று தேடிப் போனவர்கள் செத்த மாட்டிடம் வந்து சேர்ந்தார்கள், மாட்டிலிருந்து ஊசிக்கு. 2004-இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது.

ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துவிட்டால் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து மிச்சமிருக்கும். நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் அது இருந்தாலே இவ்வளவு பேரழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பிணத்தைச் சுற்றிப் பத்து இருபது கழுகுகள் ஒரே பந்தியில் உட்காருமே! 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

'பிணந்தின்னி' என்று நாம் முகம் சுளித்த பறவை, ஊருக்கு வெளியே போட்ட மாட்டை ஒரு மணி நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிடும். அது போனபின் பிணங்கள் அழுகிக் கிடந்தன, நாய்கள் பெருகின, நோய்களும் பரவின. கழுகுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்று ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2024-இல் மதிப்பிட்டார்கள்.

2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு குப்பியில் 3 மில்லிக்கு மேல் கூடாது என்ற உத்தரவு வர 2015 ஆனது. அதற்குள் வேறு வலி மருந்துகள் புகுந்துவிட்டன. அவற்றில் அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. அதையும் கீட்டோபுரோஃபெனையும் தடை செய்ய 2023 வரை காத்திருந்தோம். ஒருமுறை இவ்வளவு பெரிய அடி வாங்கிய பிறகும், கழுகுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிக்காத மருந்தை மாட்டுக்கு விற்க அனுமதித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் தமிழ்நாட்டின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. அந்தக் குஞ்சு வளர்ந்து தன் கூட்டைக் கட்ட ஐந்து ஆண்டுகளாவது ஆகும்.

வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள், அடுத்த முறை வலிக்கு ஊசி போடும்போது மருந்தின் பெயரை மருத்துவரிடம் கேளுங்கள். மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது மாட்டின் வலியையும் போக்கும்.