பல்லின் மேல் விழும் பழி

பெங்களூர் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டின் எதிரே, மார்கழி மாதத்து ஊதற்காற்றுக்கு அஞ்சி வலக் கன்னத்தை மட்டும் மப்ளரால் பொத்திக்கொண்டு, டீயை இடக் கடைவாயால் சொட்டுச் சொட்டாக உறிஞ்சுகிற முதியவர் ஒருவரைக் கண்டால், அவர் முகத்தின் ஒரு பாதி மழித்தும் மறு பாதி பத்து நாள் நரையோடும் இருப்பதைப் பார்த்து நகைத்துவிடாமல், அவருக்கு முக்கிளை நரம்பு வலி, அதாவது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, இருக்குமோ என்று ஐயுறுவதே விவேகம்.

மூளையினின்று புறப்படும் ஐந்தாம் நரம்பு நெற்றி, கன்னம், தாடை என்று மூன்றாகக் கிளைத்து முகத்தின் ஸ்பரிச உணர்ச்சியைச் சுமந்து செல்கிறது. அதன் வேரின்மீது பக்கத்து ரத்தக் குழாய் ஒன்று சாய்ந்து, துடிக்குந்தோறும் இடித்து, நரம்பின் உறையைத் தேய்த்துவிடுமானால், பிரஷ் பட்டாலும் காற்றுப் பட்டாலும் மின்சாரம் தாக்கினாற்போன்ற வேதனை சில விநாடி முதல் இரண்டு நிமிஷம் வரை பாய்ந்து அடங்கும். பெரும்பாலோர்க்குக் காரணம் இதுவே. வாய் கோணிப்போகும் முகவாதம் வேறு; அது ஏழாம் நரம்பின் காரியம். வலி தாடையில் எழுவதால் பழியெல்லாம் பல்லின் மேல் விழுந்து, பழுதற்ற கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகே நரம்பு வைத்தியரிடம் வந்து சேர்வோர் உண்டு.

முதல் மருந்து, வலிப்பு நோய்க்கும் தருகிற கார்பமாஸெபைன் மாத்திரை. அது தலைசுற்றலையும் தூக்கத்தையும் தந்து, ரத்தத்தில் சோடியத்தையும் குறைத்துவிடலாம். மாத்திரை பயன்படாதபோது, காதின் பின்புறம் மண்டையோட்டைத் திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் இடையே சிறு பஞ்சுபோன்ற டெஃப்லான் துண்டை வைக்கும் சஸ்திர சிகிச்சை, மூலகாரணத்தையே விலக்குவதாதலால், தாங்கக்கூடிய தேகமுடையோர்க்கு அதுவே மேல் என்பது என் எண்ணம். இருதய நோயாளிக்கும் தள்ளாத வயதினருக்கும் வேறு வழி வேண்டுமல்லவா? அவ்வழிதான் கதிர் அறுவை.

ஸ்வீடன் நாட்டு மூளை அறுவை வைத்தியர் லார்ஸ் லெக்ஸெல் 1951-இல் இதற்குப் பெயர் சூட்டியதோடு, ஆதியில் எக்ஸ்ரே குழாயைக் கொண்டு இந்த வலிக்கே அதைப் பிரயோகித்தும் பார்த்தார். பின்னர் அவர் ஆக்கிய ‘காமா நைஃப்’ யந்திரம் 1997-இல் மும்பைக்கும் டில்லிக்கும் வந்தது. சிவாஜிநகர்வாசிகள் இன்று அதைத் தேடி ஹொசூர் சாலை நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போனால் போதும். பெயரில் கத்தி உண்டே தவிர யந்திரத்தில் கத்தி இல்லை. தோலை மரக்கச்செய்து, நான்கு திருகுகளால் தலையில் ஒரு சட்டத்தைப் பூட்டி, எம்ஆர்ஐ படத்தில் நரம்பின் இடத்தைக் கணித்தபின், கோபால்ட்-60இன் ஏறக்குறைய இருநூறு மெல்லிய கிரணங்களை நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். தனித்தனியே வலுவற்ற கிரணங்கள் கூடுமிடத்தில் மட்டும் 70 முதல் 90 கிரே (கதிரளவின் அலகு) வரை வீரியம் ஏறுகிறது. நோயாளி விழித்தபடியே படுத்திருக்கிறார். கோபால்டின் வலிமை ஐந்தே கால் ஆண்டுகளில் பாதியாகிவிடுவதால், கிரண மூலங்கள் பழையனவாக ஆக, படுத்திருக்கும் நேரமும் நீளும்.

வீடு திரும்பிய மறுநாளே குணம் தெரியுமென்று எதிர்பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கதிரால் நரம்பு மெல்ல மாறுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். சிலருக்குக் கன்னம் மரத்துப்போவதும், சில ஆண்டுகளில் வலி மீள்வதும் உண்டு. ‘கத்தியே வைக்கவில்லையே, வலியும் போகவில்லையே’ என்று வீட்டார் கேட்கும் அந்த இடைக்காலத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. வலி தணியத் தணிய வைத்தியரே அதைப் படிப்படியாகக் குறைப்பார்.